கைரேகையும் உப்புத்தாளும்

நம் நாட்டில் பாடுபடுகிறவனின் கையைப் பிடித்துப் பார்க்கின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் கைரேகை சோதிடர். மற்றொருவர் விரல்ரேகை கேட்கும் சர்க்கார் சிப்பந்தி. முன்னவர் அந்தக் கையில் தலைவிதி எழுதியிருப்பதாகச் சொல்லுகின்றார். பின்னவர் அந்தக் கையிலுள்ள ரேகைதான் அந்த மனிதன் என்று சொல்லுகின்றார். ஆனால் அந்தக் கை என்ன வேலை செய்கின்றது, அந்த வேலையில் அது எப்படித் தேய்கின்றது, தேயாமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர் யாராவது உண்டா என்று பார்த்தால் ஒருவரையும் காணோம். இதைப்பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

வாலாஜாபாத் பக்கத்திலுள்ள ஒரு தச்சுப் பட்டறையில் நாம் கண்ட சங்கதி இது. நாலைந்து பேர் வேலை செய்யும் கீற்றுக் கொட்டகை. ஒருவர் நிலைக்கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்மாளும் புதிதாய் வேலைக்கு வந்த ஒரு இளைஞரும் கட்டில் கால்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தாளை நாலாக மடித்து விரலுக்குள் அடக்கி, உருண்டைக் காலின் வளைவு நெளிவுகளிலெல்லாம் அழுத்தித் தேய்க்க வேண்டும். மடித்த இடத்தில் தாள் கிழியும். கிழிந்த இடத்தில் விரல் மரத்தோடு உராயும். அந்த அம்மாள் தம் விரல்களைக் காட்டினார். நுனியெல்லாம் வழுவழுவென்று, ரேகை என்பதே தெரியாமல் இருந்தது. "போன மாசம் ரேஷன் கடையிலே மூணு தரம் விரலை வைக்கச் சொன்னாங்க. மிஷின் ஏத்துக்கலை. அப்புறம் வான்னுட்டாங்க. எல்லாம் என் தலையெழுத்து" என்றார்.

தோழர்களே! இந்தத் "தலையெழுத்து" என்ற வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

ரேகை சாஸ்திரம்

கைரேகை பார்ப்பவர்கள் விரல் நுனியில் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணிப் பலன் சொல்லுகின்றார்கள். அந்த ரேகைகளெல்லாம் பிரம்மதேவன் எழுதியவை, ஒருவராலும் அழிக்க முடியாதவை என்பது அவர்கள் சித்தாந்தம். அப்படியானால் கேட்கின்றோம்: பிரம்மா எழுதியதை ஒரு சில ரூபாய் பெறும் உப்புத்தாள் அழித்துவிடுகின்றதே, அது எப்படி? அந்த அம்மாள் ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தால் அதே ரேகை அதே வடிவத்தில் திரும்பவும் வந்துவிடும். ஏனெனில் மேல்தோல் தேய்ந்தாலும் அதன் அச்சு உள்தோலில் இருக்கின்றது. காயம் ஆழமாய்ப் போகாத வரையில் அது திரும்ப வளரும் என்பது வைத்திய சாஸ்திரம். ஆகவே, இந்த அம்மாளின் சங்கு சக்கரம் மறைவதும் திரும்புவதும் பிரம்மாவின் கையில் இல்லை. பட்டறை முதலாளி எவ்வளவு வேலை கொடுக்கின்றார், கைக்கு என்ன பாதுகாப்புக் கொடுக்கின்றார் என்பதில்தான் இருக்கின்றது.

சர்க்கார் விஷயமும் இப்படியேதான். 1858ம் வருஷத்தில் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரோட்டுக்குக் கல் போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கையெழுத்தோடு கை முத்திரையும் வாங்கினார். 1897ம் வருஷத்தில் கல்கத்தாவில் விரல்ரேகைக்கென்றே ஒரு காரியாலயம் ஏற்பட்டது. அதிலிருந்து வளர்ந்து வளர்ந்து, 2020ம் வருஷம் முதல் நமது நியாயவிலைக் கடைகளிலும் விரலை வைத்தால்தான் அரிசி என்கின்ற நிலைமை வந்திருக்கின்றது. முன் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவனைக் "கைநாட்டு" என்று கேலி செய்தார்கள். இன்றைக்கோ அந்தக் கைநாட்டுக்கும் யோக்கியதை இல்லை என்று கருவி சொல்லுகின்றது. யாருக்கு யோக்கியதை இல்லை? கல்லுடைப்பவன், செங்கல் சுமப்பவன், சுண்ணாம்பு குழைப்பவன், உப்புத்தாள் தேய்ப்பவன் ஆகிய இவர்களுக்குத்தான். மெத்தையில் உட்கார்ந்து பேனா பிடிப்பவர் விரல் முதல் தடவையிலேயே பதிந்துவிடுகின்றது. பாடுபட்டதற்கு அடையாளமான தேய்ந்த விரலே, பாடுபட்டவனை "நீ நீயல்ல" என்று சொல்லக் காரணமாகிவிடுகின்றது. கண்ணைப் பார்த்து அறியும் கருவி இப்போது பல கடைகளுக்கு வந்திருப்பது நல்லதுதான். ஆனால் அது விரல் தேய்ந்த பிறகு செய்யும் பரிகாரமே ஒழிய, விரல் தேயாமலிருக்கச் செய்யும் வழியல்ல.

வழி இல்லையா?

வழி இருக்கின்றது. மனிதன் எப்போதும் கைக்கும் பொருளுக்கும் நடுவில் ஏதாவது ஒன்றை வைத்துத்தான் தேய்த்து வந்திருக்கின்றான். நம் நாட்டில் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையைக் கொண்டு மரத்தையும் கொம்பையும் மெருகிட்டார்கள். கடற்கரை நாடுகளில் சுறாமீன் தோலைக் கொண்டு தேய்த்தார்கள். சீன தேசத்தில் 13ம் நூற்றாண்டிலேயே கிளிஞ்சலையும் மணலையும் பொடித்துப் பிசின் கொண்டு தோல் தாளில் ஒட்டித் தேய்த்தார்கள். 1833ல் லண்டனில் ஓக்கி என்பவர் கண்ணாடித் தூளை ஒட்டிய தாளைப் பெருவாரியாகச் செய்து விற்கத் தொடங்கினார். 1891ல் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின்சார உலையில் கார்போரண்டம் என்ற கடினப் பொருளைக் கண்டார். 1921ல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் வந்தது. நம் பெயிண்டர்கள் "வாட்டர் பேப்பர்" என்று சொல்லுவது அதன் வகைதான். நமது சென்னையிலேயே 1954 முதல் இத்தாள் செய்யும் பெரிய கம்பெனி இருக்கின்றது. இவற்றில் ஒன்றும் தேவர்கள் வரம் கொடுத்து வந்ததல்ல. கை நோகிறதே, வேலை தாமதிக்கின்றதே, தூசி பறக்கின்றதே என்று மனிதன் யோசித்ததனால் வந்தவை.

அந்த வரிசையில் இன்று வந்திருப்பது உப்புத்தாள் கையுறை. கைக்கு உறைபோல் மாட்டிக்கொள்ளுவது. அதன் உள்ளங்கைப் பக்கத்திலும் விரல்களிலும் சொரசொரப்பான பூச்சு இருக்கும், அல்லது தாளை ஒட்டி எடுக்கும்படி இருக்கும். விரலுக்கு மாத்திரம் மாட்டும் உறையும் உண்டு. கட்டில் கால், ஊஞ்சல் கம்பம், கைப்பிடி, சித்திர வேலைப்பாடு போன்ற வளைந்த இடங்களில் கையை வளைத்துப் பிடித்தால் உறையே அந்த வளைவுக்குத் தக்கபடி படிந்து தேய்க்கும். தாள் மடியாது, விரல் மரத்தில் உராயாது. வாங்க முடியாதவர்கள், கெட்டியான துணி உறையில் தாளைத் துண்டு துண்டாய் வெட்டி ஒட்டிக் கொண்டாலும் ஓரளவு பிரயோஜனப்படும். இது ஒரு பெரிய மந்திரமல்ல. ஒரு சின்ன யோசனை. ஆனால் இந்தச் சின்ன யோசனையைக்கூட அந்தப் பட்டறைக்குள் வரவிடாமல் எது தடுக்கின்றது என்பதுதான் நமது கேள்வி.

ஆயுத பூஜை

தடுப்பது பணமில்லாமையா? இல்லை. அந்தப் பட்டறையில் வருஷம் தவறாமல் ஆயுத பூஜை நடக்கின்றது. உளிக்குச் சந்தனம், இழைப்புளிக்குக் குங்குமம், வாளுக்கு மாலை, எல்லோருக்கும் பொரிகடலை. வாசலில் பூசணிக்காயை உடைத்துத் தெருவில் போகின்றவன் வண்டி சறுக்கி விழவும் வழி செய்யப்படுகின்றது. வருஷத்தில் ஒரு நாள் உளியைக் கும்பிடுகின்ற முதலாளி, அந்த உளியைப் பிடிக்கும் கைக்கு வருஷம் முழுவதும் ஒரு உறை வாங்கிக் கொடுத்ததுண்டா என்று கேட்டால், பதில் இல்லை. உளி தேய்ந்தால் சாணை பிடிக்கின்றார். வாள் மழுங்கினால் அரம் போடுகின்றார். கை தேய்ந்தால் மாத்திரம் "தலையெழுத்து" என்கின்றார். இரும்புக்குக் காட்டும் கவலையில் காற்பங்கையாவது எலும்புக்கும் தோலுக்கும் காட்டக்கூடாதா? பூஜைக்குச் செலவாகும் பணத்தில் ஆளுக்கொரு கையுறையும் ஆளுக்கொரு மூக்குக் கவசமும் வாங்கிவிடலாமே!

வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் வேலைக்களத்துக்குள் விடமாட்டார்கள். அது அந்த முதலாளிகளின் தருமசிந்தனையா? அல்ல. சட்டம் இருக்கின்றது, கேள்வி கேட்கச் சங்கம் இருக்கின்றது, விபத்து நேர்ந்தால் நஷ்டம் இருக்கின்றது. அதே சாலையின் மறுகோடியில் நாலு பேர் வேலை செய்யும் கொட்டகை தொழிற்சாலைச் சட்டக் கணக்கிலேயே வருவதில்லை. இத்தனை ஆளுக்குமேல் இருந்தால்தான் தொழிற்சாலை என்கின்றது சட்டம். நாலு பேரின் விரல் விரலில்லையா, நாலு பேரின் நுரையீரல் நுரையீரலில்லையா என்று கேட்கின்றோம்.

கையுறையையும் கும்பிடாதீர்கள்

நிற்க, நாம் கையுறையைப் புகழ்ந்ததைக் கண்டு, சிலர் அதையே ஒரு புதுத் தெய்வமாக்கிவிடக் கூடும். ஆகையால் அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, சுழலுகின்ற கடைசல் இயந்திரத்தின் அருகில் எந்தக் கையுறையும் கூடாது. துணி சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். சுழலும் மரத்துக்கு வெறுங்கையில் பிடித்த சிறு தாள்துண்டுதான் சரி. இரண்டாவது, தட்டையான பலகைக்கும் அது தகாது. கை அழுத்துமிடத்தில் பள்ளம் விழும். அதற்குத் தாளின் கீழ் ஒரு கட்டை வைத்துத்தான் தேய்க்க வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. கையுறை கையைக் காக்குமே தவிர மூச்சைக் காக்காது.

தேய்ப்பதென்றால் தூளாக்குவதென்றே அர்த்தம். அந்தத் தூள் எங்கே போகின்றது? மரத்தூளை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் ஜாபிதாவில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1995லேயே சேர்த்துவிட்டது. பழைய பெயிண்டைச் சுரண்டினால் ஈயத்தூள் பறக்கும். கல்தூளோ எல்லாவற்றையும்விடக் கொடியது. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் வியாதியைக் கொடுக்கும். அதற்கு இன்றுவரை குணமாக்கும் மருந்தில்லை. குஜராத்தில் காம்பே என்ற ஊரில் அகேட் மணிகளை அரைத்து மெருகிடும் ஏழைகள் இதனால் தலைமுறை தலைமுறையாய் மடிந்திருக்கின்றார்கள். துருக்கியில் புதிய கால்சட்டையைப் பழையதுபோல் காட்டுவதற்காக மணலை வீசியடித்துச் சாயம் போக்கிய வாலிபர்கள் இந்நோயால் செத்தபின், 2009ல் அந்த வேலையையே அந்நாட்டுச் சர்க்கார் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் சமையற்கட்டு மேடைக்கான செயற்கைக் கல்லை வெட்டித் தேய்த்தவர்கள் இளவயதிலேயே நோயாளியானதைக் கண்டு, 2024ல் அந்தக் கல்லையே தடுத்துவிட்டார்கள். அங்கெல்லாம் "தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உத்திரமேரூர்ச் சுவர்

நமது வாலாஜாபாத்தையும் உத்திரமேரூரையும் சுற்றிக் கல்குவாரிகளும் கல்லுடைக்கும் இயந்திரங்களும் ஏராளம். ஆதலால் கல்லைப் பற்றி இன்னொரு வார்த்தை. உத்திரமேரூர்க் கோவிற் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், அதாவது 919லும் 921லும், குடவோலை முறையைப் பற்றி வெட்டிய சாசனம் இருக்கின்றது. அதைப் படித்துவிட்டு, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நமக்கு ஜனநாயகம் இருந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றார்கள். கணக்குக் காட்டாதவன் திரும்பப் பதவிக்கு வரக்கூடாது என்று அதில் எழுதியிருப்பது இன்றைக்கும் நல்ல புத்திதான். ஆனால் குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்பதையும் அந்தச் சுவரிலேயே படிக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும், காணி வேண்டும், அதோடு வேதம் ஓதியிருக்கவும் வேண்டும். ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம்! எழுத்து வெட்டுவதற்கு முன் அந்தக் கருங்கல்லை எத்தனை கைகள் சமமாக்கித் தேய்த்திருக்க வேண்டும்? அந்தக் கைக்காரன் வேதம் ஓத முடியுமா? அவன் பெயர் குடத்தில் விழுந்திருக்குமா? சுவரில் அரசன் பெயர் இருக்கின்றது, சபையின் பெயர் இருக்கின்றது. வழவழப்பு மாத்திரந்தான் தேய்த்தவனுடைய கையெழுத்து.

ஆயிரம் வருஷத்துக்கு முன் குடத்தில் பெயர் விழவில்லை. இன்று கருவியில் விரல் விழவில்லை. இரண்டுக்கும் காரணம் தலைவிதி என்று சொல்லுகின்றவன் யாராயிருந்தாலும், அவன் பாடுபடுகின்றவனுக்கு நண்பனல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

ஆகவே, பட்டறைத் தோழர்களுக்குச் சொல்லிக்கொள்ளுகின்றோம். வளைவான வேலைக்கு உறை கேளுங்கள். தூசிக்கு மூக்குக் கவசம் கேளுங்கள். நனைக்கக் கூடியதை நனைத்தே தேய்ப்போம் என்று சொல்லுங்கள். நாலு பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு குரலாய்க் கேட்டால் மறுக்க முடியாது. முதலாளிமார்களுக்குச் சொல்லுவது ஒன்றே. அடுத்த ஆயுத பூஜையன்று பூசணிக்காயை விட்டுவிட்டு, ஆளுக்கொரு ஜதை உறை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். உளி கோபித்துக்கொள்ளாது. சர்க்காருக்கும் சொல்லுகின்றோம். தேய்ந்த விரலைக் கண்டால் அரிசியை நிறுத்தாதீர்கள். அந்த விரல் எதைத் தேய்த்துத் தேய்ந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக அந்த அம்மாளுக்கு: அம்மா, தங்கள் விரலில் அழிந்தது தலையெழுத்தல்ல, தோல். தோலுக்கு வேண்டியது பரிகாரமல்ல, உறை.