மயிலுக்குச் சட்டம் இருக்கு, வயலுக்கு?

காரைக்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறவங்க நாலு பேர் கூடினா, மழையைப் பத்திப் பேசி முடிச்சதும் அடுத்த பேச்சு மயில்தான். புழுதியில விதைச்ச நெல்லைக் கிளறித் தின்னுது. முளைச்சு வர்ற கடலையைக் கொத்திப் பிடுங்குது. ஒண்ணு ரெண்டு வந்தா போகட்டும்னு விடலாம். கூட்டமா வருதே!

முதல்லயே சொல்லிடுறேன். மயிலைக் கொல்லணும்னு நான் எழுதலை. குன்றக்குடி முருகனைக் கும்பிடுற நாம யாரும் அப்படி நினைக்க மாட்டோம். விஷம் வைக்கிறது பாவம், குத்தமும்கூட. என் சண்டை மயிலோட இல்லைங்க, சட்டத்தோட.

1963-ல மயில் தேசியப் பறவை ஆச்சு. 1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்கு முதல் அட்டவணை. புலி, யானை இருக்கிற அதே இடம். கொன்னா குறைஞ்சது 3 வருஷம், கூடினா 7 வருஷம் ஜெயில். சரி, இருக்கட்டும்.

வில்லங்கம் 11-வது பிரிவுல இருக்கு. இரண்டாம் அட்டவணையில உள்ள பிராணி மனுஷன் உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தா ஆனா, அதை வேட்டையாட மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் அனுமதி கொடுக்கலாம். சொத்துன்னா வயல்ல நிக்கிற பயிரும் சேர்த்திதான்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. முதல் அட்டவணைக்கு மட்டும் பயிர்ங்கிற வார்த்தை கிடையாது. மனுஷ உயிருக்கு ஆபத்து, இல்லைன்னா அந்தப் பிராணிக்கே தேறாத நோய், ஊனம். அவ்வளவுதான். மயில் எந்த மனுஷனைக் கொல்லப் போகுது? ஆக, வயல் மொத்தத்தையும் தின்னு தீர்த்தாலும் சட்டத்தோட கண்ணுக்கு ஒண்ணுமே நடக்கலை. பறவை முட்டையைச் சேதப்படுத்தினாலும் வேட்டைன்னுதான் சட்டம் சொல்லுது.

2022-ல சட்டத்தைத் திருத்தி, ஆறு அட்டவணையை நாலாக்கினாங்க. மயில் இருந்த இடத்துலயேதான் இருக்கு. 2025 ஜனவரியில காட்டுப்பன்னிக்குத் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டை விட்டு 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்தா வனத்துறை சுடலாம்னு. பன்னி இரண்டாம் அட்டவணை, வழி பிறந்தது. மயிலுக்கு அந்தக் கதவே இல்லை.

பட்டணத்துல இருந்து ஒருத்தர் கேட்பார், "பறவை மேல உங்களுக்குப் பாசம் இல்லையா?"ன்னு. அவர் ஒரு நடை நம்ம திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்கு வந்து பார்க்கட்டும். 1977-ல வேட்டங்குடி சரணாலயம் ஆன கண்மாய்கள் அங்கதான் இருக்கு. பறவை மிரளும்னு தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஜனம் அது. பாசத்தை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பாசத்துக்கு ஆகிற செலவை ஒருத்தன் தலையில மட்டும் கட்டாதீங்கன்னுதான் சொல்றோம்.

வெளிநாட்டுல காட்டு வாத்துக்கு என்ன பண்றாங்கன்னு பாருங்க. அமெரிக்காவுல கனடா வாத்து 1918-ஆம் வருஷச் சட்டப்படி காப்பாத்தப்படுற பறவை. அது வருஷம் பூரா அங்கேயே தங்கிப் பெருகித் தொந்தரவானதும், 2006-ல விதி போட்டாங்க. நிலத்துக்காரர் பதிவு பண்ணிட்டு கூட்டையும் முட்டையையும் அழிக்கலாம். ஸ்காட்லாந்துல ஐலா தீவுக்குக் குளிர்காலத்துல கிரீன்லாந்து வாத்து ஆயிரக்கணக்குல வந்து புல்லை மேயுது. அங்க விவசாயிக்கு அரசாங்கம் பணம் கொடுக்குது. காப்பாத்துற சட்டமும் இருக்கு, கட்டுப்படுத்த வழியும் இருக்கு. இங்க முதல் பாதி மட்டும்தான்.

போன போகத்துல கடலை நஷ்டத்துக்கு ஒரு அலுவலகத்துல மனு கொடுத்தேன். "மயில்தான் தின்னுச்சுன்னு எப்படி நிரூபிப்பீங்க?"ன்னு கேட்டாங்க. யானை வந்தா ஒரே ராத்திரியில தடம் தெரியும். மயில் தினம் கொஞ்சம் கொஞ்சமா ஒரு மாசம் தின்னும். அதுக்கு ரசீதா கொடுக்கும்?

நாம கேட்கிறது மூணே மூணுதான். 11-வது பிரிவுல மயிலுக்கும் பயிர்ங்கிற வார்த்தையைச் சேர்க்கணும். பெருகிக் கிடக்கிற ஊர்ல வனத்துறையே முட்டையைக் கட்டுப்படுத்தவும், பிடிச்சுக் காட்டுல விடவும் வழி பண்ணணும். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் வயலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டா நஷ்டஈடு வரணும்.

தேசியப் பறவைன்னா தேசம்தானே தீனி போடணும்? ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவன் மட்டும் ஏன் போடணும்? வர்ற கிராமசபையில இதைத் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. வாயால சொன்னா காத்துல போயிரும். பதிவேட்டுல ஏறணும்.