ஜான்சி ராணிப் படை சண்டையே போடலையாம்ல!

"நேதாஜியோட ஜான்சி ராணிப் படை ஒரு குண்டுகூட சுட்டதில்ல, சும்மா அணிவகுப்புக்கு வச்சிருந்தாரு" - ஆபீஸ் டீ பிரேக்ல ஒரு மேதாவி எடுத்து விட்டார். ஆணி புடுங்குற இடத்துல தகராறு எதுக்குன்னு அங்க வாயைத் திறக்கல. இங்க கொட்டிடுறேன்.

நமக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். கட்டபொம்மன், வ.உ.சி., மணியாச்சி வாஞ்சிநாதன்னு கேட்டே வளர்ந்த பக்கம். அந்த வரிசையில இந்தப் பொண்ணுங்க பேரை மட்டும் ஒருத்தரும் சொன்னதில்ல.

1943 ஜூலையில பெண்களும் ஆயுதம் எடுக்கணும்னு நேதாஜி சிங்கப்பூர்ல கூப்பிட்டார். சென்னையில மருத்துவம் படிச்சு அங்கே டாக்டரா இருந்த லட்சுமி சுவாமிநாதன் படைக்குத் தலைமை ஏத்துக்கிட்டார். அக்டோபர் 22-ல பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க. பால்மரம் சீவின கையில ரைபிள். இதுல பலர் இந்தியாவைக் கண்ணால பார்த்ததே இல்ல வே!

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. ஜப்பான்காரன் தயவுலதான் இந்தப் படையே நின்னுச்சு. அதே ஜப்பான்காரன்தான் தோட்டத்துத் தமிழர்களை சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துட்டுப் போய் ஆயிரக்கணக்குல சாகடிச்சான். இதை மறைச்சுட்டு நேதாஜி புகழ் பாடுறதுல எனக்கு உடன்பாடில்லை. ஆனா கங்காணிகிட்ட ஏச்சு வாங்கின பொண்ணுக்கு, சீருடை மாட்டி நிமிர்ந்து நிக்கிறது எப்படி இருந்திருக்கும்?

1944-ல பர்மா போனாங்க. ரங்கூன், மேமியோ. அதுக்குள்ள இம்பால்ல தோல்வி. போர்முனைக்கு அனுப்பல, காயம்பட்டவங்களைக் கவனிச்சாங்க. 1945 ஏப்ரல்ல ரங்கூனை விட்டுக் கிளம்பி, விமானத்துக்குப் பயந்து ராத்திரியில நடந்தே பின்வாங்கினாங்க. சண்டை போடலைங்கிறது சரிதான். வேண்டாம்னு சொன்னது அவங்களா?

அமெரிக்க உள்நாட்டுப் போர்ல (1861-65) அடிமை முறையைக் காப்பாத்தப் போய் தோத்த தென் மாநிலப் படைக்குக்கூட, சிப்பாய் வாரியா ஆவணம் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்துல இருக்கு. இங்க கேப்டன் லட்சுமி, ஜானகி ஆதி நாகப்பன்... மூணாவது பேர் நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

மலேசியா, சிங்கப்பூர் பதிவர்களே, உங்க குடும்பத்துல ஒரு பாட்டி, கொள்ளுப்பாட்டி அந்த முகாம்ல இருந்திருந்தா, பேரும் தோட்டமும் மட்டுமாவது எழுதிப் போடுங்க. போட்டோ இருந்தா ரொம்ப சந்தோஷம்.