ஆராய்ச்சி ஹைகிரவுண்டோடு நின்றுவிடக் கூடாது

ஹைகிரவுண்டு என்று நாம் சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மட்டுமல்லாமல், வள்ளியூர் அரசு மருத்துவமனை போன்ற வட்டார மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களும், அன்றாடம் தாங்கள் பார்க்கும் நோயாளிகளைக் குறித்து முறைப்படி ஆராய்ச்சி செய்வதற்கு அரசு வழிவகுக்க வேண்டும். அதற்கான நேரத்தையும், துணைக்கு ஆளையும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறும் வழியையும் அரசாணையாகவே தர வேண்டும். "டாக்டரைப் பார்க்கவே காலையிலேர்ந்து காத்துக் கெடக்கோம், இதுல ஆராய்ச்சி வேறயா?" என்று ஓ.பி. வரிசையில் நிற்பவர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அவருக்குத் தரப்படும் மருந்து சரியானதா என்பது, அவரைப் போன்ற நோயாளிகளை யாராவது எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே இருக்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் எங்கோ குளிர்நாட்டில் வேறு நோயாளிகளைப் பார்த்தவர்கள்.

இங்கேயே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லையிலேயே சான்று இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுப்பு நடக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்துவதும், சூடடிக்கும்போது உமி பறந்து விழுவதும் வழக்கம். வலி பொறுக்காமல் சிலர் கண்ணில் தாய்ப்பால் விடுவார்கள், சிலர் விளக்கெண்ணெய் விடுவார்கள், இன்னும் சிலர் மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தை விடுவார்கள். ஒரு வாரத்தில் கருவிழியில் வெள்ளையாகப் புண் படரும். 1988இல் திருநெல்வேலியில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்படி வந்தவர்களை, 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை ஒருவர் விடாமல் பதிவு செய்தார்கள் ஜயகர் பாரதி, ராமகிருஷ்ணன் உள்ளிட்ட மருத்துவ ஆய்வாளர்கள். மொத்தம் 3,183 பேர். அவர்களில் 1,095 பேருக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், புண்ணுக்குக் காரணம் பூஞ்சை. அந்தப் பூஞ்சைப் புண்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கண்ணில் ஏதாவது பட்டுக் காயமானவர்கள்.

அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால், அதற்குப் பெரிய கட்டடமோ கோடிக்கணக்கில் பணமோ தேவைப்படவில்லை என்பது விளங்கும். கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியின் கீழே வைப்பார்கள். பூஞ்சை இருந்தால் கிளை பிரிந்த மெல்லிய இழைகள் அங்கேயே, அப்போதே கண்ணுக்குத் தெரியும். பின்னால் வளர்ப்புச் சோதனை செய்தும் சரிபார்த்தார்கள். ஏறத்தாழ எல்லாப் பூஞ்சைப் புண்களையும் இந்த ஒரு சொட்டுச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று தெரியவந்தது. நுண்ணோக்கி உள்ள எந்த ஊர் மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம். செய்யாமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால், பூஞ்சைக்குத் தீனி போட்டதுபோல் ஆகி, ஒரு விவசாயியின் கண் போய்விடும்.

அங்கிருந்து அடுத்த கேள்விக்குப் போனார்கள். பாக்டீரியாவால் வரும் கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்தால் பார்வை கூடுமா என்பது கண் மருத்துவ உலகம் முழுவதும் நடந்த பழைய வாக்குவாதம். மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்க மையங்களும் சேர்ந்து 500 நோயாளிகளைக் கொண்டு சோதித்து, பொதுவாகப் பார்த்தால் பெரிய பலன் இல்லை என்று 2012இல் முடிவை வெளியிட்டன. அந்த 500 பேரில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டு நோயாளிகள். அடுத்த ஆண்டே, மதுரை அரவிந்தைச் சேர்ந்த என். வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையிலான ஆய்வு, பூஞ்சைப் புண்ணுக்குப் புதிய, விலை கூடிய வோரிகோனசோலை விடப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தே மேல் என்று காட்டியது. உலகெங்கும் கண் மருத்துவர்கள் இன்று அதை ஏற்று நடக்கிறார்கள். களத்து மேட்டில் அடிபட்ட கண்களிலிருந்து கிடைத்த அறிவு இது.

கண்ணைத் தாண்டி மற்ற துறைகளுக்கு வருவோம். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம், களக்காடு, திருக்குறுங்குடி வட்டாரத்தில் வாழைத் தோட்டத்துக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குப் பாம்புக்கடி புதிதில்லை. மருத்துவமனைக்கு வந்ததும் ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் கடி என்று கொண்டு, விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்குவார்கள். அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு மட்டுமே தயாரிக்கப்படுவது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. வடதமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சை வைத்துச் செய்த மருந்து, மேற்குமலை அடிவாரத்துப் பாம்பு கடித்த நம்மூர்க்காரருக்கு அதே அளவு வேலை செய்கிறதா? ஒரே இனப் பாம்பின் நஞ்சே இடத்துக்கு இடம் வேறுபடும் என்பது விஞ்ஞானம் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆகவே இது வெறும் சந்தேகமில்லை. எத்தனை குப்பி போட்டார்கள், எத்தனை மணி நேரத்தில் ரத்தம் உறைந்தது, சிறுநீரகம் பாதித்ததா என்பதை வரிசையாகக் குறித்துவைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கேரளத்தில் அங்கமாலி என்ற ஊரும் வள்ளியூரைப் போல நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒட்டிய ஊர்தான். அங்குள்ள லிட்டில் ஃப்ளவர் மருத்துவமனையின் ஜோசப் கே. ஜோசப்பும் சக மருத்துவர்களும், கடித்த பாம்பு எது என்பதை உறுதிசெய்துகொண்டு நோயாளிகளைக் கவனித்தார்கள். சுருட்டைவிரியன் என்று பலரும் எண்ணியிருந்த ஒரு சிறிய குழிவிரியன், ஆளைக் கொல்லும் அளவுக்கு ஆபத்தானது என்றும், நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து அதற்குப் பயன்படாது என்றும் 2007இல் இந்தியாவில் முதன்முதலாக ஆதாரத்தோடு எழுதினார்கள். மேற்குமலைத் தொடரில் வாழும் பாம்பு அது. களக்காடு மலையும் அதே தொடர்தான். அங்கமாலி மருத்துவர் பார்த்ததை நம் பக்கத்து மருத்துவர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்? பார்த்தும், எழுதிவைக்க நேரமோ வழியோ இல்லாமல் "மருந்து கேட்கல, ஹைகிரவுண்டுக்கு ரெஃபர்" என்று சீட்டு எழுதி ஆம்புலன்சில் ஏற்றியிருப்பார்கள்.

விஷமுறிவு மருந்து ஒவ்வாமல் போய் உடல் நடுங்கி, ரத்த அழுத்தம் விழும் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்க முன்கூட்டியே அவில், ஹைட்ரோகார்டிசோன் போடுவது நம் மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கம். இலங்கை மருத்துவர்கள் 1,007 பாம்புக்கடி நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் போட்டால் கடுமையான ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது, ஹைட்ரோகார்டிசோனோ, அவிலைப் போன்ற புரோமெதசினோ அப்படிக் குறைக்கவில்லை என்று 2011இல் காட்டினார்கள். அரளி விதையைத் தின்றோ பூச்சிமருந்தைக் குடித்தோ வந்தவர்களுக்குக் கரித்தூள் கரைத்துக் கொடுப்பது பலன் தருகிறதா என்று அதே இலங்கையில், தலைநகருக்கு வெளியே உள்ள மூன்று மருத்துவமனைகளில் 4,600க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2008இல் எழுதினார்கள். கடல் தாண்டி அக்கரையில் உள்ள மாகாண மருத்துவமனைகளால் முடிந்தது இது.

தமிழ்நாட்டுக்கு இந்த மரபு புதிதும் இல்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்திலும் மறு பிரிவை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள். 1959இல் அந்த முடிவு வெளிவந்த பிறகு, காசநோய்க்காரரை வருடக்கணக்கில் ஊர்விலக்கி வைக்கும் வழக்கம் உலகம் முழுவதும் மெல்ல மறைந்தது. அதே மரபின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு வந்தது தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் உறுதியானதும் நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பதை ஊர் மருத்துவமனை ஊழியரே பார்த்து, நிலை மோசமானவர்களைத் தாமதமின்றி உள்நோயாளியாகச் சேர்க்க வைக்கும் திட்டம் அது. எடைக் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும். நம் ஊர் மருத்துவமனை ஊழியர்களால் சீராகத் தகவல் திரட்ட முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இந்த மரபு அண்மையிலும் தொடர்ந்தது. கடும் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஏற்றுவதே ஒன்றைத் தனியே ஏற்றுவதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி.யின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் ஏழு மையங்கள் 2023இல் நிறுவின. கொரோனா காலத்தில் பிளாஸ்மா கொடுக்க ஆள் தேடி உறவினர்கள் அலைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுதான் அந்த அலைச்சலால் உயிர் காப்பாற்றப்படவில்லை என்று சொன்னது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் வட்டார மருத்துவர்கள் ஏன் எழுதுவதில்லை? முதல் காரணம் நேரம். இரண்டாவது, ஆராய்ச்சி என்றால் பதவி உயர்வுக்குக் காட்டும் கட்டுரை என்று ஆக்கிவைத்திருக்கிறோம். மருத்துவக் கல்லூரி நூலகங்களில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் ரெக்ஸின் அட்டையில் பொன் எழுத்தோடு அடுக்கடுக்காகத் தூங்குகின்றன. அவற்றில் எத்தனை, யாருடைய சிகிச்சையை மாற்றின? காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தப் போலித்தனத்தை நாம் வள்ளியூருக்கும் கொண்டுவரச் சொல்லவில்லை.

மூன்றாவது காரணமாக அதிகாரிகள் சொல்வது, வட்டார மருத்துவமனையில் நெறிமுறைக் குழு இல்லை என்பது. இது சாக்குப்போக்கு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, குழு இல்லாத இடத்தில் நடக்கும் ஆய்வுக்கு 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உள்ள வேறொரு குழு ஒப்புதல் தந்து பொறுப்பேற்கலாம். புழக்கத்தில் உள்ள மருந்துகளை ஒப்பிடும் கல்விசார் ஆய்வுகளுக்கு டெல்லி அனுமதியும் தேவையில்லை. வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அந்தத் தொலைவுக்குள் இருக்கிறது, ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நோயாளியை மட்டும் அங்கே ரெஃபர் செய்யத் தெரிந்த நமக்கு, ஆய்வுத் திட்டத்தையும் அனுப்பத் தெரிய வேண்டும்.

ஆய்வு என்ற பெயரில் ஏழைகளை எலிகளாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தென்மாவட்டத்தவர் பலர் சிகிச்சைக்குப் போகும் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில், 1999-2000இல் வாய்ப்புற்று நோயாளிகளிடம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேதிப்பொருள் முறையான ஒப்புதலின்றிச் சோதிக்கப்பட்டது. அதை வெளியே சொன்னவர் அங்கேயே பணியாற்றிய மருத்துவர் ஒருவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே 2001இல் விசாரித்து, இதில் ஈடுபட்ட தன் ஆராய்ச்சியாளருக்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒப்புதல் படிவம் நோயாளி பேசும் தமிழில், வாசித்துச் சொன்னால் விளங்கும்படி இருக்க வேண்டும். "வேண்டாம்" என்றாலும் சிகிச்சை குறையாது என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். நெறிமுறைக் குழுவில் சட்டம் கேட்கும் பொதுமக்கள் பிரதிநிதியாக இந்த வட்டாரத்து விவசாயத் தொழிலாளி ஒருவரையும் அமர்த்த வேண்டும். மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சோதனைகளை வட்டார மருத்துவமனைக்குள் இப்போதைக்கு விடவே கூடாது என்பதும் நம் கருத்து.

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆய்வில் ஈடுபடும் மருத்துவருக்கு வாரத்தில் அரைநாள் ஓ.பி.யிலிருந்து விலக்கும், அந்த அரைநாளுக்கு மாற்று மருத்துவரும் வேண்டும். தகவலைப் பதிவேற்ற ஒரு பணியாளர் வேண்டும். முதுநிலை மாணவர்கள் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் மூன்று மாதம் பணியாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்களில் சிலரை வள்ளியூருக்கு அனுப்பி, ஊர் மருத்துவர் எழுப்பும் கேள்வியையே ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் செய்தால், ரெக்ஸின் அட்டைக்குள் தூங்கும் உழைப்பும் பயன்படும்.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கும் இடமில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டது. எப்படியும் மருத்துவமனைகள் கணக்கு அனுப்பியே ஆக வேண்டும். அந்தக் கணக்கோடு கடித்த இடம், நேரம், ரத்தம் உறைந்த நேரம், போட்ட குப்பிகள், ஒவ்வாமை, முடிவு ஆகிய ஆறு கட்டங்களைச் சேர்த்து ஒரே பக்கப் படிவமாக்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வள்ளியூர், களக்காடு, ராதாபுரம் வட்டார மருத்துவமனைகளுக்கு அனுப்பட்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவத் துறை அதற்குப் பொறுப்பேற்று, ஆண்டு முடிவில் தெரியவந்ததை இந்த வட்டாரக் கிராம சபைகளில் வந்து சொல்லட்டும்.