மூன்றாம் இடம், எந்தப் பிரிவில்?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி, 992 என்ற பிரிவில் மூன்றாவதாக வந்தது. குச்சனூர் டீக்கடை வரைக்கும் அன்று அதே பேச்சுதான். கொண்டாடியவர்கள் ‘மூன்றாவது’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மட்டம் தட்டியவர்கள் ‘மொத்தத்தில் எத்தனையாவது?’ என்று கேட்டார்கள். ‘பிரிவில்’ என்ற சொல்லை இரு தரப்பும் கவனிக்கவில்லை. ஜிடி எனப்படும் கிராண்ட் டூரிங் பந்தயத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டால் முடிவே புரியாது.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரித்துத்தான் ஓட விடுகிறார்கள். பூஞ்சிட்டில் முதல் பரிசு வாங்கிய வண்டியைப் பெரிய மாட்டோடு ஒப்பிட்டு யாரும் ஏளனம் செய்வதில்லை. ஜிடி பந்தயமும் இப்படிப் பிரிவுகளால் ஆனதே. ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே விடுகிறோம். அங்கே எல்லாப் பிரிவும் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடும்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள, ஒரு தமிழர் பங்கேற்ற ஒரு முழு சீசனையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் 1993-இல் தேசிய ஜிடி சாம்பியன்ஷிப் தொடங்கியது. 2005 முதல் அதன் பெயர் சூப்பர் ஜிடி. அதில் ஜிடி500, ஜிடி300 என்று இரண்டு பிரிவுகள். கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், 2019-இல் இந்தத் தொடருக்கு வந்தார். ஜிடி500 பிரிவில் நகாஜிமா ரேசிங் அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை தாதசுகே மகினோவோடு சேர்ந்து ஓட்டினார்.

சேர்ந்து என்பதை விளக்க வேண்டும். ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள். முதலாமவர் ஓட்டிவிட்டு பந்தயத்தின் நடுவே பிட் எனப்படும் பராமரிப்பு இடத்துக்குள் வருவார். இன்ஜினை அணைக்க வேண்டும். அவர் இறங்க, அடுத்தவர் ஏறி பெல்ட்டைப் பூட்டிக்கொள்வார், பெட்ரோல் நிரப்புவார்கள். நிரப்பும்போது டயர் மாற்றக் கூடாது.  இதில் யாராவது ஒருவர் சில விநாடி தடுமாறினாலும், தடத்தில் அரும்பாடுபட்டுப் பிடித்த இடம் போய்விடும். ஆகவே முடிவுப் பட்டியலில் இருக்கும் எண் ஒரு ஆளுடைய எண் அல்ல.

அடுத்தது எடை. சூப்பர் ஜிடியின் உயிர்நாடி இதுதான். 2019-இல் வழக்கமான பந்தயத்தில் வென்றவருக்கு 20 புள்ளி, இரண்டாமவருக்கு 15. ஆனால் முதல் ஆறு பந்தயங்களிலும், அதுவரை சேர்த்த ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கிலோ வீதம் காரில் ஏற்றியாக வேண்டியிருந்தது. 20 புள்ளி எடுத்தவர் அடுத்த பந்தயத்துக்கு 40 கிலோ சுமையோடு வருவார். ஜிடி500-இல் 50 கிலோவைத் தாண்டினால் இன்ஜினுக்குப் போகும் எரிபொருளின் அளவையும் குறைத்துவிடுவார்கள். ஏழாவது பந்தயத்தில் புள்ளிக்கு ஒரு கிலோ. எட்டாவது, கடைசிப் பந்தயத்தில் சுமையே கிடையாது.

இது திறமைக்குத் தண்டனை என்று தோன்றலாம். ஆனால் பணமும் தொழில்நுட்பமும் உள்ள ஓர் அணியே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கும் ஏற்பாடு இது. 2019-இன் எட்டுப் பந்தயங்களில் ஒன்றுக்கு மேல் வென்றது ஒரே ஒரு ஜோடி: லெக்ஸஸ் ஓட்டிய கசுயா ஒஷிமாவும் கென்டா யமஷிதாவும். மொதேகியில் நடந்த கடைசிப் பந்தயத்தை நிக் கேசிடியும் ரியோ ஹிரகாவாவும் வென்றார்கள். இரண்டாவதாக வந்த ஒஷிமா ஜோடி, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைக் கைப்பற்றியது. அன்றைய பந்தயத்தை மட்டும் பார்த்தவருக்கு அவர்கள் தோற்றவர்கள். சீசனைப் பார்த்தவருக்குச் சாம்பியன்கள்.

மூன்றாவது, டயர். பல தொடர்களில் எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்தான். சூப்பர் ஜிடியில் அப்போது அப்படியில்லை. டயர் நிறுவனங்களும் தங்களுக்குள் போட்டி போட்டன. 2019-இல் ஜிடி500 பிரிவின் 15 கார்களில் ஒன்பது பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடின. டன்லப் டயரில் ஓடியது ஒரே கார், நரேனுடையது. ஒன்பது கார்களின் அனுபவத்திலிருந்து ஒரு நிறுவனம் பாடம் கற்கும்போது, இன்னொரு நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒரே காரின் தகவல். டயர் எந்தச் சூட்டில் பிடிக்கும், எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்பதெல்லாம் இப்படிச் சேர்த்த அறிவுதான். அந்த சீசனின் பட்டப் போட்டியில் நரேன் ஜோடி இல்லை. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள், 42 வயதுக்காரரின் காலம் முடிந்தது என்று எழுதியிருக்கலாம்.

சீசன் முடிந்த பிறகு, 2019 நவம்பரில் ஃபூஜி தடத்தில் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரின் கார்களும் சேர்ந்து இரண்டு சிறப்புப் பந்தயங்களில் ஓடின. சாம்பியன்ஷிப் புள்ளி கிடையாது. எல்லா கார்களுக்கும் ஹன்கூக் நிறுவனத்தின் ஒரே டயர். ஒரு பந்தயத்துக்கு ஒரு காரில் ஒரே ஓட்டுநர். ஜப்பானின் ஹோண்டா, லெக்ஸஸ், நிசான், ஜெர்மனியின் ஆடி, பிஎம்டபிள்யூ எல்லாம் களத்தில் இருந்தன. நவம்பர் 24 அன்று இரண்டாம் பந்தயத்தை வென்றவர் நரேன் கார்த்திகேயன்.

அதே ஆள், அதே கார். டயர் எல்லோருக்கும் ஒன்றானது. ஒரு பந்தயத்தை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. அன்றைய வேகத்துக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் சீசன் முழுவதும் புள்ளிப் பட்டியல் காட்டாமல் மறைத்த திறமை ஒன்று அங்கே இருந்திருக்கலாம் என்பதை இந்த வெற்றி சொல்கிறது.

தமிழ்நாட்டில் கார் பந்தயத்தைப் பின்தொடரும் இளைஞர்கள் இன்று பெருகிவிட்டார்கள். பந்தயத் தடங்கள் உள்ள இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் தெரியாத ஊர்களிலும் பிள்ளைகள் லேப் டைம் பேசுகிறார்கள். இந்த ஆர்வம் வெறும் விசில் சத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒரு முடிவு வந்தால், எந்தப் பிரிவு, அதில் எத்தனை கார்கள், எவ்வளவு சுமை, யாருடைய டயர், உடன் ஓட்டியவர் யார் என்று கேட்கப் பழக வேண்டும். செய்தி எழுதுகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்: பிரிவின் பெயரையும் அதில் ஓடிய கார்களின் எண்ணிக்கையையும் தலைப்புச் செய்தியோடு சேர்த்துத் தாருங்கள். ஒரு வரிதான் கூடும். அந்த ஒரு வரி, வீரரை அளவுக்கு மீறிப் புகழ்வதையும் காரணமில்லாமல் இகழ்வதையும் ஒருசேரத் தடுக்கும்.