தொழிலகப் பொறியியலும் நம் தோட்டப் பிள்ளைகளும்

ஆறாம் ஆண்டு மாணவர்களை நோக்கி, "எதிர்காலத்தில் நீவிர் யாராக விரும்புகின்றீர்?" என்று ஆண்டுதோறும் வினவுவது நம் வழக்கம். மருத்துவர், வழக்கறிஞர், காவல்துறை அதிகாரி, ஆசிரியர் என்னும் நான்கு விடைகளே திரும்பத் திரும்ப ஒலிக்கும். (ஆசிரியர் என்போர் நம்மை மகிழ்விப்பதற்காகவே அவ்வாறு கூறுகின்றனரோ என்னும் ஐயம் நமக்குண்டு.) தொழிலகப் பொறியியலாளர் என்னும் விடையை இதுகாறும் நாம் கேட்டதில்லை. ரவாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு இஃது ஒரு குறையே என்பது நம் கருத்து.

மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டதாகப் பதிவாகியுள்ள இடம் தலைநகரன்று, நம் ரவாங்கேயாகும். 1894-ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளையவர்களும் லோக் இயூ அவர்களும் தம் ஈயச் சுரங்கங்களை இயக்குவதற்கு இங்கே மின்னாக்கியை நிறுவினர். பத்துமலைத் திருக்கோயிலால் பிள்ளையவர்களை அறிந்துள்ள நம் மாணவர்கள், சுரங்க வேலையைப் புதுமுறையில் நடத்த முனைந்தவரும் அவரே என்பதை அறிதல் வேண்டும். ஈயத்தின் காலம் போயிற்று. ரப்பரின் காலமும் பெரும்பாலும் போயிற்று. 1993-இல் தோன்றிய பெரோடுவா நிறுவனம் அருகிலுள்ள சுங்கை சோவில் தொழிற்சாலை அமைத்து, 1994-இல் கஞ்சில் காரை வெளியிட்டது. இன்று நம் முன்னாள் மாணவர் பலர் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். பெரும்பாலோர் இயந்திரத்தின் முன் நிற்பவர்கள். அவ்வேலை எவ்வாறு நடைபெறுதல் வேண்டும் என முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர் மிகச் சிலர்.

அவ்விடத்தில் இருப்பவருள் ஒருவரே தொழிலகப் பொறியியலாளர். இயந்திரத்தைப் படைப்பவர் வேறொருவர். இவரோ ஆள், பொருள், இயந்திரம், நேரம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தடுக்காமல் சேருமாறு வேலையை அமைப்பவர். பிராங்க் கில்பிரெத் என்னும் அமெரிக்கர் 1885-இல், தம் பதினேழாம் வயதில், கொத்து வேலை பழகச் சென்றார். ஒரே சுவரைக் கட்டும் கொத்தர்கள் ஆளுக்கொரு விதமாகக் கையை அசைப்பதைக் கண்டு வியந்தார். குனிந்து குனிந்து கல்லெடுப்பதைத் தவிர்க்க, இடுப்பளவு உயரத்தில் கல்லும் சாந்தும் இருக்குமாறு சாரத்தை மாற்றினார். ஒரு கல்லை வைப்பதற்கு வேண்டியிருந்த 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 வரை வைக்கலாயினர் என்று 1911-இல் வெளிவந்த டெய்லரின் நூல் கூறும். கில்பிரெத்தின் துணைவியார் லில்லியன் அம்மையாரும் இத்துறையின் முன்னோடியே. பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்ற அவ்வம்மையார், 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்திற்குத் தேர்வு பெற்ற முதற்பெண்மணியும் ஆவார். பெண்பிள்ளைகளைப் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்க.

இவற்றையெல்லாம் நாம் நூலிற் படிக்கும்பொழுது நம் தாயாரே நினைவுக்கு வந்தார். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க அவருடன் செல்வோம். விடியற்குளிரில்தான் பால் நன்கு வடியும்; ஆதலின் இருட்டிலேயே பிரட்டுக்களம் கூடும். மற்றவர்கள் பால் நிறுக்கும் கொட்டகைக்கு அருகிலுள்ள மரங்களில் வெட்டத் தொடங்குவர். தாயாரோ இருட்டோடு இருட்டாக நிரையின் கடைக்கோடிக்கு நடந்து, அங்கிருந்து வெட்டிக்கொண்டு வருவார். "ஏனம்மா இவ்வளவு தூரம்?" என்று நாம் சலித்துக்கொள்வதுண்டு. வெட்டிய வரிசையிலேதான் பாலும் எடுத்தல் வேண்டும். அருகில் தொடங்கினால் வாளி நிறையும்பொழுது கொட்டகை தொலைவிலிருக்கும். தொலைவில் தொடங்கினால் வாளி நிறைய நிறைய, கொட்டகையும் நெருங்கி வரும். எழுதப் படிக்கத் தெரியாத அவர், தம் தோள் வலியைக் கொண்டே இதனைக் கண்டறிந்தார். கிராணியின் ஏட்டில் பாலின் எடை மட்டுமே ஏறியது. அவருடைய அறிவுக்கு அங்கே இடமில்லை. அந்த அறிவைத்தான் இன்று பல்கலைக்கழகத்தில் நான்காண்டு கற்பித்துப் பட்டம் தருகின்றனர்.

இத்துறைக்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், கடிகாரத்தைக் கையில் பிடித்துத் தம் வேலையை அளந்ததை எதிர்த்து வார்ப்படத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மிச்சமாகும் நேரம் தொழிலாளியின் முதுகுக்கு ஓய்வாகுமா, அன்றி அவன்மேல் மற்றுமொரு சுமையாகுமா என்பதே வழக்கு. இதனை அளப்பவன் தொழிலாளியின் வீட்டிலிருந்து வந்தவனாக இருந்தால் நல்லது என்பதே நம் துணிபு. நெடுங்காலம் நம்மவர் அளக்கப்பட்டனர். இனி நம்மவரும் அளக்கட்டும்.

பெற்றோர்கள் நம்மிடம் கேட்பது, "இப்படிப்புக்கு வேலை கிடைக்குமா, ஐயா?" என்பதே. காரகம் மட்டுமன்று, கிள்ளான் துறைமுகத்தின் சரக்கு ஏற்றுமதியிலும், மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் வரிசையிலும், பண்டகசாலையிலும் இவ்வறிவு வேண்டப்படுகின்றது. வாயில் எங்கே அடைபடுகின்றது என்பதே நம் கவலை. பல்கலைக்கழகத்திலன்று, இடைநிலைப் பள்ளியின் நான்காம் படிவத்தில் அடைபடுகின்றது. கூடுதல் கணிதம் கடினம், பௌதிகம் கடினம் என்று பிறர் கூறக் கேட்டு, நல்ல புள்ளிகள் பெற்ற பிள்ளைகளும் அவ்விரண்டையும் கைவிடுகின்றனர். அவ்வாறு கைவிட்ட பின் எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை சிறப்புத் தேர்ச்சி பெற்றாலும் பொறியியலின் கதவு எளிதில் திறவாது. வீட்டில் யாரும் படித்திராததால், தாளில் கையொப்பமிடும் தந்தைக்கு அதன் விளைவு தெரிவதில்லை. அவரைக் குறை கூறுதல் முறையன்று.

ஆகவே, நம் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். நான்காம் படிவத்திற்குரிய பாடத் தேர்வுத் தாள் வீட்டிற்கு வந்ததும், கையொப்பமிடுமுன் அதனை நம்மிடம் ஒருமுறை கொண்டு வாருங்கள். மாலை ஐந்து மணி வரை அலுவலகத்திலிருப்போம். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்.