ரயில் சும்மா சுத்தினா போதுமா?



அறிவியல் கண்காட்சி என்றாலே ஒரு ரயில் மாதிரி கட்டாயம் இருக்கும். தெர்மாகோல் மலை, அதில் ஒரு குகை, பச்சைச் சாயம் போட்ட மரத்தூள், நடுவில் கடையில் வாங்கிய பேட்டரி ரயில். சுவிட்சைப் போட்டதும் வட்டமா சுத்தும். எல்லாரும் கைதட்டுவாங்க. அந்த ரயில் எங்கே போகுது? எதை ஏத்திக்கிட்டுப் போகுது? யார் ஏத்தினாங்க? இதற்குப் பதில் இல்லை என்றால் அது பொம்மைதான், மாதிரி இல்லை. ரயில் மாதிரி செய்தால் முதலில் தொழிலை வைக்கணும், அப்புறம்தான் தண்டவாளம். இதுதான் என் கருத்து.

நம்ம ஊருக்கு ரயில் கிடையாது. பேராவூரணிக்கோ அறந்தாங்கிக்கோ போனால்தான் பார்க்கலாம். அந்த மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றி, 2019-இல் திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை முழுவதும் ரயில் விட்டார்கள். நாம் அதில் ஏறி உட்கார்வதை மட்டும்தான் ரயில் என்று நினைக்கிறோம். திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலத்தில் வேறு ரயில் இருக்கிறது. கொள்முதல் நிலையங்களில் வாங்கிய நெல் 40 கிலோ மூட்டையாக லாரியில் அங்கே வரும். அதை அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குச் சரக்கு ரயிலில் அனுப்புவார்கள். 42 வேகன், 2,000 டன் என்று பேப்பரில் அடிக்கடி போடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 டன் என்றால் 20 லட்சம் கிலோ. 40-ஆல் வகுத்தால் 50,000 மூட்டை! அவ்வளவையும் லோடுமேன் அண்ணன்கள் சுமந்துதான் ஏத்துறாங்க. நம்ம கண்காட்சி ரயிலில் ஒரு மூட்டைகூட இல்லையே?

சரி, பெரிதாகச் செய்யக் காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். புனேயில் ஜோஷி என்பவர் அமைத்த சின்ன ரயில் மியூசியம் 1998-இல் திறக்கப்பட்டது. அதுபோல் நம்மால் முடியாதுதான். ஆனால் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் ஒரு குட்டி அமைப்பைக் கண்டுபிடித்தார். அதில் வட்டமே கிடையாது. ஒரு பாதை மூன்று கிளையாகப் பிரியும். ஒரு கிளையில் 5 வேகன் நிற்கலாம், மற்ற இரண்டில் மூணு மூணு. மொத்தம் 8 வேகன்தான். சீட்டுக் குலுக்கி 5 வேகன் எடுக்கணும். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் ரயிலைக் கோக்கணும். 8×7×6×5×4 = 6,720 விதமாகச் சீட்டு விழும். இதை வைத்தால் பார்க்க வருகிறவங்களே விளையாடிப் பார்க்கலாம். மோட்டார் தேவையில்லை, கையால் தள்ளினாலே போதும்.

இதை நம்ம பக்கத்துக்கு மாத்துவோம். ஊர் கற்பனையாக இருக்கட்டும், தொழில் நிஜமாக இருக்கட்டும். நீளக் கிளையில் நெல் ஏத்தும் குட்ஷெட். இரண்டாவதில் உர மூட்டை இறங்கட்டும். மூன்றாவதில் வேதாரண்யத்து உப்பு. ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. என்று அளவு வைத்தால் கணக்கு சுலபம். 15 மீட்டர் வேகன் 15 செ.மீ. அட்டைப்பெட்டி ஆகும். 1,676 மி.மீ. அகலத் தண்டவாளம் 1.7 செ.மீ. ஆகும். ஆள் ஒன்றரை செ.மீ. உயரம். 42 வேகனும் வைத்தால் 6 மீட்டருக்கு மேல் போகும், அதனால் 5 போதும். நெல் வேகனுக்குக் கூரை கட்டாயம் போடுங்கள். மழையில் நனைந்தால் நெல் முளைத்துவிடும்.

முன்பக்கம் நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலை. அதில் மீன் ஏலம், பக்கத்தில் ஐஸ் கம்பெனி, மீன் வேன். ரயில் மாதிரியில் மீன் வேன் எதற்கு? நெல் வேகன் வரும்வரை காத்திருக்கும், மீன் காத்திருக்காது. அதனால்தான் மீன் ஐஸோடு வேனில் ஏறி ரோட்டில் பறக்குது. எந்தச் சரக்கு ஏன் எதில் போகுது என்று காட்டினால்தான் அது மாதிரி.

இதில் அறிவியல் எங்கே என்று சிலர் கேட்கலாம். ஐஸ் கம்பெனியைத் திறந்து காட்டுங்கள். உப்புக் கலந்த தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழே போனாலும் சீக்கிரம் உறையாது. அதனால் தொட்டியில் உப்புத்தண்ணியைக் குளிர வைத்து, நல்ல தண்ணி ஊத்தின தகர டப்பாக்களை அதற்குள் இறக்குவாங்க. டப்பாத் தண்ணி கட்டியாயிடும், உப்புத்தண்ணி அப்படியே இருக்கும். இது அறிவியல் இல்லையா?

இன்னொன்றும் சொல்லணும். ஒரு கண்காட்சியில் நம்ம பிள்ளைகள் மீன் ஏலக்கூடம் செய்து வைத்திருந்தார்கள். பார்க்க வந்த ஒருவர், "இதுல என்னம்மா இருக்கு, தினம் பார்க்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு, பேட்டரி ரயிலுக்குப் பரிசு கொடுத்தார். எங்களுக்கு அழுகையே வந்தது. தினம் பார்க்கிறோம் என்பதாலேயே அது சின்ன விஷயம் ஆகிவிடுமா? விடியுமுன்னே எழுந்து ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக விற்கும் அம்மாக்கள் எந்த மாதிரியில் இருக்காங்க? நாம் வைக்கும் ஆள் பொம்மை எல்லாம் தொப்பி போட்ட ஆம்பளை பொம்மைதான். ரயில் பசங்க விளையாட்டு என்கிறார்கள். எந்தச் சரக்கு எங்கே போகுது, என்ன விலை என்று எங்க அம்மாவைக் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வாங்க.

அதனால் இந்த வருடக் கண்காட்சிக்கு இரண்டு பெஞ்சு மட்டும் ஒதுக்கித் தரும்படி அறிவியல் டீச்சரையும் கணக்கு சாரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பழைய அட்டை, தீப்பெட்டி, ஐஸ் குச்சி, கோணித்துண்டு இருந்தால் கொண்டு வாருங்கள். மூட்டை தைக்க ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வரலாம். பேட்டரி ரயில் வாங்கக் காசு இல்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நம்ம ரயில் சுத்தாவிட்டாலும் பரவாயில்லை, நின்று சரக்கு ஏத்தட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். 

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கட்டுமாவடி