வட்டி ஹராம் என்போம். வாடகை வீட்டின் கதவை அடைப்போம்!

 

நிக்காஹ் மஜ்லிஸில் மணமக்களின் பரக்கத்துக்காக நாம் கையேந்தி துஆச் செய்கிறோம். மறுமாதம் அதே மணமக்கள் குடியிருக்க ஒரு வீடு தேடித் தெருத்தெருவாக அலையும்போது, அந்தக் கைகள் சாவிக்கொத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. இந்த முரண்பாட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

என் சகோதரியின் மகளுக்கு மணமாகி ஓராண்டு ஆகிறது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. மாத ஊதியம் 35,000 ரூபாய். மணமான முதல் நான்கு மாதங்கள் அவர் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையிலும், அவள் ஊரில் தாய் வீட்டிலுமாகக் கழிந்தன. வேளச்சேரியில் ஒரு வீடு அமைந்தது. இருவருக்கும் பிடித்திருந்தது, டோக்கன் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஆதார் நகலில் பெயரைப் பார்த்த மறுநாள் காலை, 'வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான்' என்று பணம் திரும்பி வந்தது. அந்த அநீதி தனியே எழுத வேண்டிய ஒன்று. இங்கே நான் எழுத வந்தது அதற்குப் பின் நடந்ததை.

'நம்மவர்கள் வாழும் பகுதிக்கே போவோம். அங்கே பெயர் தடையாக இராது' என்று இருவரும் நம்பிக்கையோடு சென்றனர். உண்மைதான், பெயர் தடையாக இல்லை. முதல் வீட்டுக்காரர் ஸலாம் சொல்லி வரவேற்று, தேநீர் கொடுத்து, வாடகை 15,000, முன்பணம் பத்து மாதம் என்றார். தரகருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் 1,80,000 ரூபாய். அடுத்த வீட்டுக்காரர் வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. 'ஒத்திக்கு மட்டும்தான், எட்டு லட்சம்' என்றார். மூன்றாமவரும் ஒத்திதான். இறுதியில் உறவினர் ஒருவர், 'வங்கியில் கடன் வாங்கிச் சொந்தமாகவே வாங்கிவிடு' என்று அறிவுரை கூறினார்.

அன்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டார்: "மாமா, வட்டி வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேறு எந்த வழியாக வீட்டுக்குள் நுழைவது என்று யாரும் சொல்லவில்லையே?" எனக்கு விடை தெரியவில்லை.

ஒத்தி என்பது என்ன? ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது. காலி செய்யும்போது தொகையை முழுமையாகத் திரும்பப் பெறுவது. திரும்பத் தர வேண்டிய தொகை கடன். அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் வாடகையில்லாக் குடியிருப்பு, கடன் ஈட்டித் தந்த ஆதாயம். ஆதாயத்தை நிபந்தனையாகக் கொண்ட கடன் வட்டியே என்பது ஃபிக்ஹு நூல்களைக் கற்றோர் அனைவரும் அறிந்த விதி. 'இருவரும் மனமொப்பித்தானே செய்கிறோம்' என்பார்கள். வங்கிக் கடன் பத்திரத்திலும் மனமொப்பித்தான் கையெழுத்திடுகிறோம்! அடகுப் பிராணிக்குத் தீனி போடுபவர் அதில் சவாரி செய்யலாம் என்ற ஹதீஸைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். அந்த அனுமதி போட்ட தீனிக்கு ஈடானது. எட்டு லட்சம் கொடுத்தவர் அந்த வீட்டுக்கு எதைத் தீனியாகப் போடுகிறார்?

ஒத்திக்குக் குடியேறுபவரை மட்டும் நாம் கண்டிக்கிறோம். வேறு வழியே வைக்காமல் அவரை அதில் தள்ளும் வீட்டுக்காரரை யார் கண்டிப்பது? வாடகை ஹலாலான வருவாய். அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, மொத்தப் பணம் கைக்கு வருகிறது என்பதற்காக ஐயத்துக்குரிய வழியைத் தேர்ந்தெடுப்பது எந்த வகைப் பேணுதல்?

பத்து மாத முன்பணமும் ஏறத்தாழ இதே கதைதான். இருப்பவர் இல்லாதவருக்குக் கடன் கொடுக்குமாறு மார்க்கம் ஆர்வமூட்டுகிறது. இங்கோ குடியிருக்க இடமில்லாதவர், மூன்று வீடுகள் வைத்திருப்பவருக்குக் கடன் கொடுக்கிறார்! 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம்கூட, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகையையே முன்பணத்துக்கு அளவாக வைத்திருக்கிறது. சட்டம் காட்டும் இரக்கத்தைத் தொழுகையாளியான நாம் காட்ட வேண்டாமா?

நம் ஊர்களைப் பாருங்கள். வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைத்த காசில் எழுந்த மாளிகைகள் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் ஒருமுறை ஓர் அம்மா வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறார். பெருநாளுக்குப் பத்து நாட்கள் விளக்கெரிகிறது. ஏனென்று கேட்டால், 'வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள்' என்கிறோம். கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் எவ்வளவு விரிவாகக் கற்பிக்கிறது! எழுதி, சாட்சி வைத்து, பதிவு செய்தால் அந்த அச்சத்தில் பாதி தீர்ந்துவிடும்.

வீட்டை அமைதி பெறும் இடமாக அல்லாஹ் ஆக்கியிருப்பதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-ஆம் வசனம் நினைவூட்டுகிறது. மக்காவில் வீடுகளை இழந்து வந்த முஹாஜிர்களுக்கு அன்ஸாரிகள் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்களுக்கே மதீனாவில் முதல் இருப்பிடம் அபூஅய்யூப் அல்அன்ஸாரீ (ரழி) அவர்களின் வீடுதான். இந்த வரலாற்றை மேடைகளில் கேட்டுக் கண்ணீர் சிந்தும் நாம், நம் வீட்டின் மேல்மாடியைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பைத்துல்மாலிலிருந்து வீட்டு முன்பணத்துக்கு அழகிய கடன் கொடுங்கள். முன்பணம் செலவாகித் தீரும் பணமன்று. காலி செய்யும் நாளில் திரும்பி வரும் பணம். வீட்டுக்காரரும் ஜமாஅத்தும் நேரடியாக எழுதிக்கொண்டால், ஒரே தொகை ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பங்களுக்குக் கதவு திறக்கும். ஜும்ஆ மேடைகளில் வட்டி வாங்குபவரைச் சாடும் அதே குரலில், ஒத்திக்கு மட்டுமே வீடு தருபவரையும் சாடுங்கள்.

இறுதியில் என் மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வீடு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். கொடுத்தவர் செல்வந்தர் அல்லர்; மாடியிலிருக்கும் இரண்டு அறைகளின் வாடகையில் காலம் கழிக்கும், கணவரை இழந்த ஒரு மூதாட்டி. வாடகை 12,000, முன்பணம் மூன்று மாதம். 'ஏன் பெரியம்மா, எல்லோரும் பத்து மாதம் கேட்கிறார்களே?' என்று என் மருமகள் கேட்டபோது அவர் சொன்னாராம்: "நீங்க குடியிருக்க வந்திருக்கீங்க. என் கடனை அடைக்கவா வந்தீங்க?"

தேவையுடைய அந்த மூதாட்டியால் முடிந்தது, வசதி படைத்த நம்மால் ஏன் முடியவில்லை? அல்லாஹ்வின் முன் நிற்கும் நாளில் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறோமா?

நம் வீடுகளையும் நம் உள்ளங்களையும் வல்ல ரஹ்மான் விசாலமாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.